குறிப்பு என்னும் கட்டம்

ஆறே கால் மணிக்குக் கொட்டிவாக்கம் பாலத்தடியில் ஏறினோம்.
படகு என்று சொல்வது ஒரு மரியாதைக்கு.
ஆகாயத்தாமரை அள்ளுகிற தகரத் தொட்டி,
பின்னால் இருமுகிற மோட்டார்.
ஓட்டுவது தேசப்பன்.
ஜோயல் முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம் மாட்டி
ஜிபிஎஸ் கருவியை நெஞ்சோடு அணைத்திருக்கிறான்.
என் கையில் அளவுகோல். மடியில் பதிவேடு:
தூரம், அகலம், ஆழம், குறிப்பு.

நூறு மீட்டருக்கு ஒருமுறை கோலை இறக்க வேண்டும்.
நீர் முடிந்து சேறு தொடங்கும் இடத்தைக்
கைதான் சொல்லும்.
அறுபது சென்டிமீட்டர். நாற்பது.
ஒருமுறை மெத்தென்று எதன் மீதோ நின்றது.
குறிப்பு: சோபா.

பெருங்குடியில் கரையே வீட்டுப் பின்வாசல்.
பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர்
நுரையோடு கையசைத்தார்.
துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அசைக்கவில்லை.
லேசர் கருவியின் சிவப்புப் புள்ளி
அவள் கல்லின் மேல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தாள்.
"அளக்கிறீங்களா?"
ஆழம் மட்டும்தான் என்றேன்.
ஆழம் மட்டுமில்லை.
வரைபடத்தில் கால்வாய்க்கு முப்பது மீட்டர்;
புள்ளி சொன்னது இருபத்திரண்டு.
மிச்ச எட்டு மீட்டரில்
ஒரு தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.
அகலத்துக்கான கட்டத்தை அப்படியே விட்டுவிட்டுக்
கோலை இறக்கினேன்.

அப்புறம் கண்ணாடிக் கட்டடங்கள்.
சாலைக்கு முகம், எங்களுக்கு முதுகு.
முதுகில் ஏசி பெட்டிகள், ஜெனரேட்டர்,
கழுத்து அட்டையோடு சிகரெட் பிடிக்கும் பையன்கள்.
"எங்கக்கா போறீங்க?"
"முட்டுக்காடு."
"எப்ப போய்ச் சேருவீங்க?"
"இருட்டறதுக்குள்ள."
ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்,
அது ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது போல.

ஒக்கியம் மடுவில் சதுப்பு நிலத்து நீர் வந்து கலக்கிறது.
கறுப்பு, தேநீர் நிறமாகிறது.
ஜோயல் ஒரு முகக்கவசத்தைக் கழற்றினான்.
செம்மஞ்சேரி தாண்டி மற்றதை.
ஆள் உயரக் கோரை. அதனடியில்
பவளக்காலிகள் காலைத் தூக்கித் தூக்கி வைத்தன,
கடன் வாங்கிய கால் அழுக்காகக் கூடாதென்று.
நடுக்கால்வாயில் நின்ற எருமை ஒன்று
வழிவிடலாமா என யோசித்தது.
எங்களைவிட அதற்கு அவகாசம் இருந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு லாக் வந்தது.
"சாவி யார்கிட்ட இருக்கும் மேடம்?" என்றான் ஜோயல்.
தேசப்பன் சிரித்த சிரிப்பில் மோட்டாரை அணைத்துவிட்டார்.
ஒரு கதவைக் காணோம்.
இன்னொன்று பாதி திறந்தபடி துருவில் உறைந்திருக்கிறது,
உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டுப்
பதிலுக்கு நிற்பவனைப் போல.
இடைவெளி படகைவிட நாலு விரல் அதிகம்.
அடியில் கல்வாசல், அதன் மேல் ஒரு சாண் தண்ணீர்.
"கடல் மனசு வைக்கணும்" என்றார் தேசப்பன். "மூணரை ஆவும்."
என் போன் மூன்று முப்பத்தெட்டு என்றது.

எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல்.
தேசப்பனின் மனைவி பரிபூரணம் மூன்று முறை கூப்பிட்டாள்:
கேஸ் சிலிண்டர், கேஸ் சிலிண்டர், சாப்ட்டியா.
ஜோயல் குரூப் ஃபோர் வினாத்தாளால் முகத்தை மூடித் தூங்கினான்.
பதிவேட்டைத் திறந்தேன்.
காலிக் கட்டத்தில் இருபத்திரண்டு என்று எழுதினேன், பென்சிலால்.
அது உண்மை. அதுதான் தொந்தரவு.
பக்கத்தில், அரை அங்குலத்துக்குள்,
எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி:
துவைகல் ஒன்று. தையல் மிஷின் ஒன்று.
இரண்டும் பயன்பாட்டில் உள்ளன.

சுவரில் ஒட்டிய சிப்பிகளை
ஒவ்வொன்றாக நனைத்துக்கொண்டு வந்தது தண்ணீர்.
எந்தச் சக்கரத்தையும் யாரும் சுற்றவில்லை.
ஒரு விரல். இரண்டு விரல்.
தகரம் கல்லை உரசி, உரசி,
ஒரு கணம் உரசாமல் போனது.
அந்தக் கணத்தில் மூவரும்
சுவரில் கை ஊன்றித் தள்ளினோம்.
என் உள்ளங்கையோடு கொஞ்சம் துரு வந்தது.

முட்டுக்காட்டில் இன்னும் வெளிச்சம் இருந்தது.
மிதிபடகில் ஒரு தம்பதி சண்டை போட்டபடி
வட்டமடித்துக்கொண்டிருந்தார்கள்.
கடைசி அளவுக்குக் கோலை இறக்கினேன்.
கோல் முழுக்கப் போய், மணிக்கட்டு நனைந்து,
முழங்கை நனைந்து,
கை ஒன்றும் சொல்லவில்லை.
"எழுதிடுங்க மேடம், இருட்டுது" என்றான் ஜோயல்.
ஈரம் காயட்டும் என்றேன்.